வெளிநாட்டில் பாஸ்போர்ட்டும் விசாவும் தொலைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கோ படிப்புக்கோ சுற்றுலாவுக்கோ இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வெளிநாடு போனவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் அவர்கள் கேட்ட விதத்திலேயே இருக்கின்றன. கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத் தளத்தில் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டைக் காணோம். முதல்ல போலீஸுக்குப் போகணுமா, தூதரகத்துக்குப் போகணுமா?

பையோடு பறித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் நேராகப் போலீஸ். எங்கே விட்டோம் என்றே தெரியவில்லை என்றால் முதலில் சில மணி நேரம் உருப்படியாகத் தேடுங்கள். பாஸ்போர்ட் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு: ஜெராக்ஸ் மெஷினின் மூடிக்கு அடியில், ஹோட்டல் ரிசப்ஷனில், அறை லாக்கரில், சிம் கார்டு வாங்கிய கடையில், பணம் மாற்றிய கவுண்டரில், விமானத்தில் முன் இருக்கையின் பையில். ஒவ்வொன்றுக்கும் போன் போடுங்கள். விமான நிறுவனமும் விமான நிலையமும் தனித்தனியாகத் தொலைந்த பொருள் பிரிவு வைத்திருக்கும். இரண்டிடமும் கேட்க வேண்டும்.

தேடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொலைந்துவிட்டது என்று தூதரகத்தில் பதிவாகிவிட்டால் அந்தப் புத்தகம் ரத்தாகிவிடும். மறுநாள் தலையணைக்கு அடியில் கிடைத்தாலும் பயன்படாது. அதற்காக நாள் கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. கிடைக்கவில்லை என்று உறுதியானதும் போலீஸ், பிறகு தூதரகம், அதன்பின் விசா கொடுத்த நாட்டின் அலுவலகம் என்ற வரிசையில் போங்கள். போலீஸ் கொடுக்கும் தாளை அடுத்த எல்லா அலுவலகங்களும் கேட்கும்.

பாஸ்போர்ட்டோட விசாவும் போயிடுச்சு. தூதரகத்துல ரெண்டையும் சேர்த்துக் கொடுத்துடுவாங்களா?

மாட்டார்கள். இங்கே மூன்று விஷயங்கள் இருக்கின்றன, பலரும் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட் இந்திய அரசுடையது, அதை இந்தியத் தூதரகம் தரும். விசா நீங்கள் போயிருக்கும் நாட்டுடையது, அதைப் பற்றி இந்தியத் தூதரகத்தால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவது, அந்த நாட்டில் இத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி. இது பல நாடுகளில் விசா ஸ்டிக்கரிலிருந்து தனியாக, கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும்.

பெரும்பாலானவர்களின் பயம் இந்த மூன்றாவதைப் பற்றியது. புத்தகம் தொலைந்ததாலேயே தங்கும் அனுமதி போய்விடாது. அனுமதி இருப்பதைக் காட்டும் சான்றுதான் கையை விட்டுப் போயிருக்கிறது.

போலீஸ் ரிப்போர்ட்டில் என்னென்ன இருக்கணும்?

பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், தொலைந்த தேதி, இடம், தொலைந்ததா திருடு போனதா என்ற விவரம். பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு: உள்ளே இருந்த விசாவையும் அதில் எழுதச் சொல்ல வேண்டும். எந்த நாட்டு விசா, என்ன வகை, எண் தெரிந்தால் எண். பிறகு விசாவுக்காக அலையும்போது இந்த ஒரு வரி உதவும்.

நம்மவர்களுக்கு வரும் சிக்கல் இனிஷியலில்தான். ஊரில் எஸ். குமார் என்று எழுதுவோம். பாஸ்போர்ட்டில் குமார் என்பது கொடுத்த பெயராகவும் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராகவும் இருக்கும். ரிப்போர்ட்டில் இனிஷியலோடு எழுதிவிட்டால் அது வேறு ஆள் என்று திருப்பி அனுப்புவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். ரிப்போர்ட் உள்ளூர் மொழியில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படலாம். மூலத்தை யாரிடமும் விட்டுவிடாதீர்கள், நகல்களைக் கொடுங்கள்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியையும் அன்றே பாருங்கள். பல பாலிசிகள் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன.

பாஸ்போர்ட் நம்பரே ஞாபகம் இல்ல. ஜெராக்ஸும் இல்ல. என்ன பண்றது?

உங்கள் எண் பல இடங்களில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. விமான டிக்கெட் பதிவு, விசா விண்ணப்பத்தின் உறுதிப்படுத்தல் மின்னஞ்சல், கம்பெனியின் எச்ஆர் பிரிவு, கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம், வங்கியில் கொடுத்த கேஒய்சி, காப்பீட்டுப் பாலிசி, பாஸ்போர்ட் சேவா கணக்கில் உள்ள பழைய விண்ணப்பம் ஆகியவற்றைப் பாருங்கள். ஹோட்டலில் தங்கியிருந்தால் செக்-இன் போது எடுத்த நகல் அவர்களிடம் இருக்க வாய்ப்பு அதிகம்.

எதுவுமே கிடைக்காவிட்டாலும் வழி அடைபடாது. பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், எந்த ஊர் அலுவலகத்தில் எந்த ஆண்டு வாக்கில் வாங்கியது என்று சொன்னால் தூதரகத்தால் தேட முடியும். நேரம் கொஞ்சம் கூடுதலாகும். ஆதாரோ பான் கார்டோ டிஜிலாக்கரில் இருந்தால் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புது பாஸ்போர்ட் வாங்கணுமா, எமர்ஜென்சி சர்டிபிகேட் போதுமா?

எமர்ஜென்சி சர்டிபிகேட் என்பது இந்தியா திரும்புவதற்கு மட்டும் தரப்படும் ஒருவழி ஆவணம். வளைகுடாவில் இதைத்தான் அவுட்பாஸ் என்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போக முடியாது, திரும்பி வரவும் முடியாது. சுற்றுலா வந்தவர், அடுத்த வாரம் ஊருக்கு விமானம் என்றால் இது போதும்.

அந்த நாட்டிலேயே வேலை, படிப்பு, குடும்பம் என்று இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. விரைவாகக் கிடைக்கிறதே என்று இதை வாங்கி ஊருக்கு வந்துவிட்டால், புதுப் பாஸ்போர்ட், புது விசா இரண்டும் முடியும்வரை ஊரிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஊரில் மரணம், அவசர சிகிச்சை போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். கிளம்புவதற்கு முன் கம்பெனியிடமோ கல்லூரியிடமோ எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

எமர்ஜென்சி சர்டிபிகேட்டை வச்சு வேற நாடு வழியா டிரான்சிட்ல வரலாமா? டிக்கெட் மலிவா கிடைக்குது.

முடிந்தவரை நேரடி விமானம் பிடியுங்கள். இடையில் இறங்கும் நாடு இந்த ஆவணத்தை ஏற்க வேண்டும், விமான நிறுவனமும் ஏற்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா கேட்காத நாடு, சர்டிபிகேட்டுக்குக் கேட்கலாம். செக்-இன் கவுண்டரில் ஏற்ற மறுத்துவிட்டால் டிக்கெட் பணம் போய்விடும். வேறு வழியே இல்லையென்றால், சர்டிபிகேட் கையில் வந்தபின் விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

புது பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன கொண்டுபோகணும்?

விண்ணப்பத்தை வெளிநாட்டுத் தூதரகங்களுக்கான பாஸ்போர்ட் சேவா தளத்தில் நிரப்ப வேண்டும். இந்தியாவுக்குள் விண்ணப்பிக்கும் தளம் வேறு, இது வேறு. ஊரில் திறந்த கணக்கு இங்கே வேலை செய்யாது, புதிதாகப் பதிய வேண்டும். வகையில் மறுவழங்கல் என்பதையும், காரணத்தில் தொலைந்தது என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய பாஸ்போர்ட் என்ற முதல் தேர்வை அழுத்திவிட்டால், முன்பு பாஸ்போர்ட்டே வாங்கியதில்லை என்று சொன்னதாக ஆகும். விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

உடன் வைக்க வேண்டியவை: போலீஸ் ரிப்போர்ட், அனெக்சர் எஃப் என்ற உறுதிமொழி, பழைய பாஸ்போர்ட்டின் நகல் இருந்தால் அது, அந்த நாட்டில் சட்டப்படி இருப்பதற்கான சான்று, உள்ளூர் முகவரிச் சான்று, இந்திய அடையாள ஆவணங்கள், புகைப்படம். பல நாடுகளில் இதை வாங்கும் வேலையைத் தனியார் மையங்களிடம் விட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் விஎஃப்எஸ் குளோபல் வாங்குகிறது. சில நாடுகளில் உறுதிமொழிக்கு நோட்டரி கையெழுத்து வேண்டும். அங்கெல்லாம் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள், நோட்டரி முன்னால்தான் போட வேண்டும்.

அனெக்சர் எஃப்-இல் எப்படி, எப்போது, எங்கே தொலைந்தது, எந்தக் காவல் நிலையத்தில் புகார், இதற்கு முன் தொலைத்ததுண்டா என்று எழுத வேண்டும். போலீஸில் 12-ஆம் தேதி என்று சொல்லிவிட்டு இதில் 10 என்று எழுதினால் விளக்கம் கேட்டு நிறுத்தி வைப்பார்கள். ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிரப்புங்கள்.

எத்தனை நாள்ல கிடைக்கும்? சீக்கிரம் வாங்க வழி உண்டா?

சாதாரணப் புதுப்பித்தலைவிட நாள் கூடுதலாகும். பழைய பாஸ்போர்ட்டை வழங்கிய அலுவலகத்தின் பதிவோடு உங்கள் விவரத்தை ஒப்பிட வேண்டும், தேவைப்பட்டால் ஊரில் போலீஸ் விசாரணையும் நடக்கும். உங்கள் பெயரில் வேறு யாரும் பாஸ்போர்ட் வாங்கிவிடாமல் இருக்கத்தான் இந்தச் சரிபார்ப்பு.

உங்கள் கையில் இருப்பது, இந்த விசாரணையைத் தடங்கல் இல்லாமல் நடக்க விடுவது. விண்ணப்பத்தில் கொடுத்த இந்திய முகவரியில் இருப்பவர்களிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். வீட்டைக் காலி செய்து பல வருடம் ஆன முகவரியைக் கொடுத்தால், போகிற காவலர் இப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எழுதிவிடுவார். அதைச் சரிசெய்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாராவது இருக்கும் வீட்டு முகவரி நல்லது. அவசரம் இருந்தால் அதற்கான சான்றோடு, மருத்துவமனைக் கடிதமோ வேலை சம்பந்தமான கடிதமோ எதுவாக இருந்தாலும், தூதரகத்துக்கு எழுதுங்கள். வெறுமனே அவசரம் என்று எழுதுவதால் பயனில்லை.

விண்ணப்பம் போட்டு ரெண்டு நாள்ல பழைய பாஸ்போர்ட் கிடைச்சுடுச்சு! அதையே வச்சுக்கலாமா?

கூடாது. தொலைந்தது, திருடு போனது என்று அரசுகள் பதிவு செய்யும் பாஸ்போர்ட் எண்கள் இன்டர்போலின் தரவுத்தளத்துக்குப் போகின்றன. 2002-இல் தொடங்கியது அது. பல நாடுகளின் குடிவரவுக் கவுண்டர்களில் ஸ்கேன் செய்ததும் எண் சிக்கும். பாஸ்போர்ட் உங்களுடையதுதான் என்று நிரூபித்து வெளியே வருவதற்குள் விமானம் போய்விடும், சில இடங்களில் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கிடைத்ததைத் தூதரகத்தில் ஒப்படைத்து ரத்து முத்திரை போடச் சொல்லுங்கள். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அந்தப் புத்தகம் எப்போதும் இந்திய அரசின் சொத்து, கிழித்துப் போடக் கூடாது. ரத்து செய்ததைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். பழைய முத்திரைகள் பயண வரலாற்றுக்குச் சான்றாகும். உள்ளே இருக்கும் விசாவின் கதை தனி. அமெரிக்க விசாவைத் தொலைந்ததாகத் தெரிவித்திருந்தால், கிடைத்தாலும் அது செல்லாது.

நான் அமெரிக்காவில் எச்-1பி-இல் இருக்கிறேன். விசா ஸ்டாம்பிங் போய்விட்டது. நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டுமா? வேலைக்குப் போகலாமா?

கிளம்ப வேண்டாம், வேலைக்கும் போகலாம். அமெரிக்க விசா என்பது உள்ளே வருவதற்கான சீட்டு. உள்ளே வந்தபின் நீங்கள் தங்குவது ஐ-94 என்ற நுழைவுப் பதிவின்படி. எச்-1பி வேலை விசாவுக்கு ஐ-797 ஒப்புதல் கடிதமும், எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவருக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவமும் துணை. ஐ-20 தொலைந்திருந்தால் கல்லூரி அலுவலகம் மறுபடி அச்சிட்டுத் தரும்.

ஐ-94-ஐ அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2013 முதல் விமானத்தில் வருபவர்களுக்கு அது மின்பதிவுதான். தேடும்போது நாட்டுக்குள் வந்த நாளில் கையில் இருந்த பாஸ்போர்ட்டின் எண்ணைக் கொடுக்க வேண்டும். புது எண்ணைக் கொடுத்துவிட்டு பதிவே இல்லை என்று பதறுகிறவர்கள் ஏராளம். அதனால் பழைய எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, விசாவை வழங்கிய அமெரிக்கத் தூதரகத்துக்கு, சென்னையில் வாங்கியிருந்தால் சென்னைத் துணைத் தூதரகத்துக்கு, மின்னஞ்சல் அனுப்புங்கள். பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், அமெரிக்க முகவரி, தொலைந்ததா திருடு போனதா என்ற விவரம், விசா நகல் இருந்தால் அது, எல்லாம் அதில் இருக்கட்டும்.

அமெரிக்காவிலேயே விசாவை மறுபடி ஒட்டித் தர மாட்டாங்களா? கனடா போய்ட்டு வந்தா?

அமெரிக்காவுக்குள் தொலைந்த விசாவுக்கு மாற்று கிடையாது. வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேரில் போய், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தைப் புதிதாக நிரப்பி, நேர்காணல் முடித்துத்தான் வாங்க வேண்டும். பழைய விசாவில் எத்தனை வருடம் மிச்சம் இருந்தது என்பது கணக்கில் வராது. 2025 செப்டம்பரிலிருந்து, குடியேற்றம் அல்லாத விசா கேட்பவர்கள் தங்கள் சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணல் தேதி எடுக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை சொல்லியிருக்கிறது. அதனால் கனடாவிலோ மெக்சிகோவிலோ முடித்துவிடலாம் என்ற பழைய யோசனையை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய் வந்தால் காலாவதியான விசாவோடு திரும்பலாம் என்ற சலுகையைச் சிலர் சொல்வார்கள். அது காலாவதியான விசா கையில் இருப்பவர்களுக்கு. ஸ்டிக்கரே இல்லாதவர் எல்லையில் எதைக் காட்டுவார்? ஆகவே ஊரில் நேர்காணல் தேதி உறுதியாகும்வரை அமெரிக்காவை விட்டு வெளியே போகாமல் இருப்பதே பாதுகாப்பு. போகும்போது போலீஸ் ரிப்போர்ட்டையும், எப்படித் தொலைந்தது என்று நீங்கள் எழுதிய ஒரு பக்க விளக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

பாஸ்போர்ட் தொலைச்சதைச் சொன்னா அடுத்த விசாவுக்குப் பாதிப்பு வருமா? சொல்லாம விட்டுடலாமா?

டிஎஸ்-160-இல் பாஸ்போர்ட் தொலைந்ததுண்டா, அமெரிக்க விசா தொலைந்ததுண்டா என்று இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஆம் என்று போட்டு இரண்டு வரியில் விளக்கினால் போதும். தொலைப்பது குற்றமில்லை, அதிகாரிகளுக்கு அது பழக்கப்பட்ட விஷயம். இல்லை என்று போட்டால் அது பொய்த் தகவல். தொலைந்த எண் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.

ஸ்டிக்கர் பழைய பாஸ்போர்ட்டில் இருக்கு. தொலைஞ்சது புதுசு மட்டும். விசா செல்லுமா?

செல்லும். காலாவதியான பழைய புத்தகத்தில் சேதமில்லாமல் இருக்கும் அமெரிக்க விசா அதன் தேதி வரை செல்லுபடியாகும். இனி வாங்கப்போகும் பாஸ்போர்ட்டையும் அந்தப் பழையதையும் சேர்த்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த நிலையில் விசாவும் தொலைந்தது என்று பழக்கதோஷத்தில் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். நன்றாக இருக்கும் விசாவை நீங்களே ரத்து செய்துகொள்வதாகிவிடும்.

சவுதி, துபாயில் இருக்கறவங்களுக்கு எப்படி? இகாமா இருந்தா போதுமா?

இங்கே நிலைமை கொஞ்சம் சுலபம். சவுதியில் இகாமாதான் தங்கும் சான்று. அமீரகத்தில் 2022 முதல் பாஸ்போர்ட்டில் ரெசிடென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் ஐடிதான் சான்று. எனவே தொலைந்த புத்தகத்தோடு ரெசிடென்ஸ் போகவில்லை.

ஆனால் புதுப் பாஸ்போர்ட் வாங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள், அங்கேதான் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது. அரசு கம்ப்யூட்டரில் உங்கள் ரெசிடென்ஸ் இன்னும் பழைய எண்ணோடுதான் இணைந்திருக்கும். சவுதியில் இதை மாற்றுவதை நக்ல் மாலூமாத் என்பார்கள். தொழிலாளிக்குக் கம்பெனி முகீம் தளத்திலும், குடும்பத்தாருக்கு குடும்பத் தலைவர் அப்ஷர் என்ற அரசுத் தளத்திலும் செய்ய வேண்டும். அமீரகத்திலும் ரெசிடென்ஸ் விவரத்தில் புது எண்ணைச் சேர்க்க வேண்டும். இதை முடித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். புகார், கடிதம் எல்லாவற்றிலும் கஃபீல் (உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி) அல்லது கம்பெனியின் கையெழுத்து தேவைப்படும் என்பதால், கம்பெனியில் அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் பிஆர்ஓ-விடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இங்கிலாந்து, ஐரோப்பா?

இங்கிலாந்தில் பிஆர்பி என்ற தங்கும் அனுமதி அட்டைகள் 2024 டிசம்பர் 31-உடன் முடிந்து இ-விசாவுக்கு மாறிவிட்டது. அந்நாட்டு விசா துறையான யுகேவிஐ-யின் இணையக் கணக்கில் புதுப் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்த்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும், இல்லாவிட்டால் விமான நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் உங்கள் அனுமதி தெரியாது. ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) சுற்றுலா விசாவில் வந்தவர்கள் அந்தப் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு ஊர் திரும்புவதே நடைமுறைக்கு ஒத்த வழி. வேலை, படிப்புக்கு ரெசிடென்ஸ் அட்டை வைத்திருப்பவர்கள், அட்டையும் தொலைந்திருந்தால் அதை வழங்கிய உள்ளூர் அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எமர்ஜென்சி சர்டிபிகேட் கைக்கு வந்தாச்சு. நேரா ஏர்போர்ட் போயிடலாமா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் வெளியேறும்போது குடிவரவுக் கவுண்டர் கிடையாது. பல ஆசிய, வளைகுடா நாடுகளில் வெளியேறும் முத்திரை உண்டு. நீங்கள் எப்போது, எந்த அனுமதியில் உள்ளே வந்தீர்கள் என்ற பதிவு தொலைந்த பாஸ்போர்ட்டோடு இணைந்திருக்கும். தாய்லாந்தில் குடிவரவு அலுவலகத்துக்குப் போய் நுழைவு முத்திரையைப் புது ஆவணத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வேறு சில நாடுகளில் வெளியேறும் அனுமதி என்று தனித்தாள் வாங்க வேண்டும்.

தூதரகத்தில் சர்டிபிகேட் வாங்கும்போதே, அடுத்து எந்த அலுவலகம் என்று கேட்டுவிடுங்கள். வார விடுமுறையைக் கணக்கில் வையுங்கள். வெள்ளி மதியம் சர்டிபிகேட் வாங்கி சனி இரவு விமானம் என்று போட்டவர்கள், இடையில் குடிவரவு அலுவலகம் மூடியிருந்ததால் டிக்கெட்டை இழந்திருக்கிறார்கள்.

இதுக்கு நடுவுல என் விசா தேதி முடியப் போகுது. பாஸ்போர்ட் இல்லாம எப்படி நீட்டிக்கிறது?

தேதி முடிவதற்கு முன்பே குடிவரவு அலுவலகத்தில் நிற்க வேண்டும். போலீஸ் ரிப்போர்ட், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்த ரசீது, தூதரகத்திலிருந்து ஒரு கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் தொலைந்ததால் கூடுதல் நாள் தானாகக் கிடைக்காது. தேதி தாண்டியபின் போனால் நாள் கணக்கில் அபராதமும், சில நாடுகளில் மீண்டும் நுழையத் தடையும் வரும். முன்பே போய்ச் சொன்னவருக்கும் பிடிபட்டபின் சொன்னவருக்கும் அதிகாரிகள் காட்டும் வித்தியாசம் பெரிது.

கையில காசும் இல்ல, போனும் போச்சு. யார்கிட்ட போறது?

இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. நிர்க்கதியாக நிற்பவர்களுக்குத் தங்குமிடம், உணவு, தேவைப்பட்டால் ஊர் திரும்ப டிக்கெட் வரை அதிலிருந்து உதவ முடியும். நேரில் போய் நிலைமையைச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். தூதரகத்தில் பதில் இல்லையென்றால், ஊரில் இருக்கும் குடும்பத்தார் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியலாம்.

எமர்ஜென்சி சர்டிபிகேட்டில் ஊருக்கு வந்துவிட்டேன். புதுப் பாஸ்போர்ட் எப்படி வாங்குவது?

விமான நிலையத்தில் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்கு முன்பே, விமானத்தில் உட்கார்ந்திருக்கும்போதாவது, எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட் சேவா மையத்தில் அந்த நகலைக் கேட்பார்கள். தொலைந்த வகையில் மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்கு 3,000 ரூபாய். வெளிநாட்டுப் போலீஸ் ரிப்போர்ட்டும் அனெக்சர் எஃப்-உம் இங்கேயும் வேண்டும்.

பத்தாவது சான்றிதழ் இல்லாம விண்ணப்பிச்சேன், புது பாஸ்போர்ட்டுல ஈசிஆர்-னு வந்துடுச்சு. முன்னாடி அப்படி இல்லையே?

ஈசிஆர் என்பது குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு. பழைய புத்தகம் கையில் இல்லாதபோது, அதிலிருந்து விலக்கு உண்டு என்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வழக்கமான சான்று. ஈசிஆர் இருந்தால் 18 நாடுகளுக்கு, வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அதில் சேரும், வேலைக்குப் போக இந்தியாவிலிருந்து கிளம்பும்போது குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். சான்றிதழைக் காட்டி இதை நீக்க மறுபடி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தின்போதே வைத்திருந்தால் இந்த இரண்டாவது அலைச்சல் இருக்காது.

குழந்தையோட பாஸ்போர்ட் மட்டும் தொலைஞ்சிருக்கு. அவங்க அப்பா ஊர்ல இருக்கார்.

நடைமுறை மேலே சொன்னதுதான். கூடுதலாக அனெக்சர் டி என்ற பெற்றோர் உறுதிமொழியில் பெற்றோர் இருவரின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் வேறு நாட்டில் இருந்தால் அவர் அங்கேயே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், மூலத்தாளையே கூரியரில் வரவழையுங்கள். ஒருவரின் கையெழுத்து கிடைக்கவே வழியில்லை என்றால் அதற்கு அனெக்சர் சி இருக்கிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

கம்பெனி என் பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கு, தர மாட்டேங்கறாங்க. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிப் புதுசு வாங்கிடலாமா?

அப்படிச் செய்யாதீர்கள். இருக்கும் பாஸ்போர்ட்டைத் தொலைந்தது என்று எழுதிக் கொடுப்பது பாஸ்போர்ட் சட்டப்படி பொய்த் தகவல். இரண்டு ஆண்டு வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று பிரிவு 12 சொல்கிறது. கம்பெனி அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டினால் உள்ளூர்ப் போலீஸிலும் பொய்ப்புகார் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

உண்மையையே எழுதிக் கொடுங்கள்: பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது, கேட்டும் தரவில்லை. தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவில் இதைக் கொடுக்கலாம். பல வளைகுடா நாடுகளில் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது அந்நாட்டுச் சட்டத்துக்கே எதிரானது, தொழிலாளர் அலுவலகத்திலும் புகார் செய்யலாம். பாஸ்போர்ட்டைத் தரும்படி வாட்ஸ்அப்பில் கேட்ட செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஏற்கெனவே ஒருமுறை தொலைச்சிருக்கேன். இது ரெண்டாவது தடவை.

கிடைக்கும், ஆனால் கேள்விகள் கூடும். நேரில் விசாரிப்பார்கள், சில சமயம் குறைந்த கால அளவுள்ள பாஸ்போர்ட் தருவார்கள். முதல் தடவையை அனெக்சர் எஃப்-இல் மறைக்காதீர்கள், அது அவர்களிடம் பதிவில் இருக்கிறது.

எப்படியும் புதுசு வாங்கறோம். பேர்ல இருக்கற எழுத்துப் பிழையையும் இதோட திருத்திடலாமா?

வேண்டாம். தொலைந்த பாஸ்போர்ட்டுக்கான சரிபார்ப்பில் பழைய பதிவும் புது விண்ணப்பமும் அச்சாக ஒத்துப்போனால்தான் கோப்பு வேகமாக நகரும். அதே நேரத்தில் பெயரும் மாறினால் இது அதே ஆள்தானா என்ற கேள்வி எழும். போதாததற்கு உங்கள் ஐ-94, இகாமா, பட்டச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாம் பழைய எழுத்தில் இருக்கும். பழைய பெயரிலேயே பாஸ்போர்ட்டை வாங்கி, விசா வேலைகளை முடித்துவிட்டு, ஆற அமர ஊருக்கு வரும்போது பெயர்த் திருத்தத்துக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். முகவரி மாற்றம் அப்படி அல்ல. பழைய முகவரியில் ஆளே இல்லையென்றால், மேலே சொன்ன விசாரணைச் சிக்கலுக்காகவே அதை இப்போதே மாற்றிக் கொடுப்பது நல்லது.